கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ, சேர்

கனடாவில் வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய ஒரே தமிழ்ப் பிள்ளை நான்தான் என்று கலியாண வீடுகளில் நான் அளந்துவிடுவதுண்டு. உண்மையில் வாங்கவில்லை. வாங்குவதற்குள் ஓடிவிட்டேன். அந்த ஓட்டம் மட்டும் சரித்திரத்தில் இடம்பெற வேண்டியது.

அப்போது நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பில் இந்த ஊரின் பழைய கதையைப் படிப்பிப்பார்கள். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரக் குடும்பத்தார் காட்டை வெட்டினார்கள், மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டினார்கள், கரடியை விரட்டினார்கள். அந்தக் காட்டில் அவர்களுக்கு முதலே ஆட்கள் இருந்த விசயத்தை மிஸ் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுக் கரடிக்குப் போய்விட்டார். எனக்கும் அப்போது கரடிதான் முக்கியம்.

ஒருநாள் எங்களை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி, பழைய கிராமம் ஒன்றை அப்படியே வைத்திருக்கிற நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே மரத்தாலான சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. கறுப்புக் கோட்டும் பெரிய தாடியுமாக ஒரு வாத்தியார் பிரம்போடு நிற்பார், எல்லாம் நடிப்பு, யாரும் பயப்படக்கூடாது என்று மிஸ் முதலே சொல்லிவைத்திருந்தார். நடிப்பு என்று தெரிந்த பிரம்புக்கு முன்னால் என்னைப் போல வீரன் கிடையாது. வாத்தியார் கூப்பிட்டு மிரட்டுகிற பிள்ளை நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன். சந்தோசத்தில் இருக்கையில் இருக்கவே முடியவில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் யாராவது வேண்டும் என்று கேட்டதால் அப்பாவும் வந்திருந்தார். பெற்றோர் கூட்டங்களில் முழங்கால் நாடியில் இடிக்கக் குட்டிக் கதிரையில் இருந்து, மிஸ் என்ன சொன்னாலும் 'தேங்க்யூ' என்று சொல்லிவிட்டு வருகிற மனிதர். அன்றைக்குக் கழுத்தில் ரை கட்டியிருந்தார். நடிப்பு விசயத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாத்தியார் சிலேட்டுகளைத் தந்து எழுதச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தவனின் காதுக்குள் கதைத்தேன். வாத்தியார் கவனிக்கவில்லை. பிறகு ஊருக்கே கேட்கக் கதைத்தேன். கூப்பிட்டார்! வகுப்பு முழுவதும் என்னைப் பொறாமையோடு பார்த்தது. பிரம்பால் மேசையில் ஓர் அடி போட்டு, கையை நீட்டு என்று உறுமினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பின்வரிசையில் அப்பா இருந்த மர வாங்கு கிறீச்சிட்டது. அப்பா எழுந்து முன்னால் வந்தார். அதுவரை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, அவரிடமிருந்த ஆங்கிலம் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"இவன் வீட்டிலயும் இப்பிடித்தான், சேர். நல்லா அடியுங்கோ. கண்ணை மட்டும் விட்டுவிடுங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நீட்டடா கையை. சேரைக் காக்க வைக்கிறியோ?"

நடிப்பு அந்த இடத்தோடு முடிந்தது. மிஸ்ஸின் சொல், கனடாவின் சட்டம் எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டில் அப்பா கொடுக்கிற அனுமதி பெரியது. வாத்தியாரின் முகம் தாடிக்குள்ளேயே வெளிறியது. பிரம்பை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஓங்குகிறார் என்று நான் முடிவுகட்டினேன். அடுத்த கணம் வாசலால் பாய்ந்து, மேய்ந்துகொண்டிருந்த வாத்துகளைக் கலைத்துக்கொண்டு ஓடி, பழங்காலத்து மரக் கக்கூசுக்குள் புகுந்து கொக்கியைப் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட இடமும் அதுதான்.

"வெளியால வாடா!" என்றார் அப்பா.

"வரமாட்டன். சேர் அடிப்பார்."

"அந்த மனுசன் நடுங்கிக்கொண்டு நிக்குதடா. உன்னைவிட அவருக்குத்தான் இப்ப தண்ணி குடுக்கோணும்."

பலகை இடுக்கால் பார்த்தேன். வாத்தியார் தாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தாடிக்குள் இருந்தது மீசை சரியாக முளைக்காத ஒரு பொடியன். தான் இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகவும், வாழ்க்கையில் ஒருவரையும் அடித்ததில்லை என்றும் கக்கூஸ் கதவைப் பார்த்துச் சத்தியம் பண்ணினான். கடைசியில் பிரம்பையே கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டான். அதை இறுக்கிப் பிடித்தபடி வெளியே வந்தேன்.

பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது. அப்பாவைக் காணவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மரப் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வேறு ஒருவரும் இல்லை. முன் வாங்கில் அப்பா மட்டும் கையைக் கட்டி, முதுகை நிமிர்த்தி, வெறும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சாரதி ஹோன் அடித்தார். அப்பா திரும்பவில்லை.

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. எனக்குப் பதிலாக அப்பாவை மறித்து இருத்தி வைத்துவிட்டார்கள் என்று பஸ் முழுவதற்கும் கத்திச் சொன்னேன்.