தங்கமணி வாய் திறந்த நாள்

தங்கமணி வாயைத் திறந்தால் ஜெராம் கடலில் மீன் கலையும் என்பார்கள். கேலிதான், ஆனால் முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அவள் உதிரிப் பழம் பொறுக்குவாள். நாலு நிரை தள்ளி நின்று வேலை வாங்கும் மண்டோரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுந்து போகிற வழக்கமெல்லாம் கிடையாது. குந்தியிருந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம். மண்டோர் போட்டது போட்டபடி ஓடி வருவார்.

பாலகிருஷ்ணனுக்கு அந்தக் குரலென்றாலே பயம். கோலசிலாங்கூருக்கும் கிள்ளானுக்கும் ஓடும் பஸ்ஸில் அவன் கண்டக்டர். மழையில் ஆள் நிற்பதைப் பார்த்தும் பஸ் நிற்காமல் போய்விட்டால், மறுநாள் அவள் ஏறியதும் அவனுக்கு அர்ச்சனை ஆரம்பமாகிவிடும். ஒருமுறை கப்பாரிலிருந்து ஏறிய முரட்டு ஆள் ஒருவன், பள்ளிக்கூடப் பெண்ணை ஒட்டி ஒட்டி உட்கார்ந்தான். தங்கமணி பின்சீட்டிலிருந்து ரெண்டே வார்த்தைதான் சொன்னாள். அவன் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கி நடையைக் கட்டினான். அன்றைக்குப் பாலகிருஷ்ணன், மனசுக்குள்தான், அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அப்பேர்ப்பட்டவள் எண்பத்தாறாம் வருஷம் ஊமையாகிப் போனாள். நோயில்லை, வேண்டுதல். அவளுடைய ஒரே மகள் ரமணிக்கு இரண்டு முறை பிள்ளை வயிற்றிலேயே கலைந்துவிட்டது. மூன்றாவது தங்கி ஐந்தாம் மாதம் தொட்டதும், தங்கமணி தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை ஏற்றிவைத்து, கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, ஊரே கேட்கச் சொன்னாள்: “ஆத்தா, எம் பேரப்புள்ள அழுவுற சத்தம் எங் காதுல விழற வரைக்கும் எஞ் சத்தம் ஒருத்தர் காதுலயும் விழாது.”

தோட்டத்து வீட்டு வரிசையான லயமே சிரித்தது. ஒரு வாரம் தாங்குவாளா என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். அவள் தாங்கினாள் ஐயா! காலில் முள் ஏறியபோதும் வாய் திறக்கவில்லை. தம்பி செத்த வீட்டில், சுற்றி நின்றவர்கள் மாரடித்து அழ, இவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தாளாம். அதைக் கேட்டபோது பாலகிருஷ்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. அழுகையை அடக்குகிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். ஒப்பாரியையே விழுங்கிய மனுஷியை அவன் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் ஏறினால் தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டான்.

எட்டாம் மாதம் ரமணியைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். தங்கமணி தூக்குச்சட்டியோடு தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். நடுக்கதவுக்குப் பக்கத்து சீட்தான் அவள் இடம். உட்காருவாள், சட்டியை மடியில் வைப்பாள், வெளியே பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வெள்ளைக்காரக் கூட்டம் பஸ்ஸில் இருந்தது. கோலசிலாங்கூரில் மின்மினி பார்த்துவிட்டுத் திரும்புகிற இளவட்டங்கள். ஆளுயர மூட்டைகளை வழியில் போட்டு, செருப்புக் காலை முன்சீட்டின் தலைமாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். ஒருத்தன் கித்தார் வாசித்தான். இன்னொருத்தன் கரண்டியால் பஸ் கம்பியைத் தட்டித் தாளம் போட்டான். பெண்ணொருத்தி சீட்டின்மேல் ஏறி நின்று ஆடினாள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்திலிருந்த கிழவருக்கு பிஸ்கட் நீட்டினார்கள், கண்ணில் பட்டவர்களையெல்லாம் பாடக் கூப்பிட்டார்கள். ஆனாலும் ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, அதை உன் வீட்டுக் கூடம் என்று நினைத்துக்கொள்ள ஒரு நெஞ்சழுத்தம் வேண்டாமா?

பஸ்ஸுக்குள் எல்லார் முகமும் சுருங்கியது. ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தோட்டத்தில் வளர்ந்த உடம்புக்கு வெள்ளைத்தோலைக் கண்டால் இன்னும் துரை ஞாபகம். சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும், தலை தானாகக் குனிகிறது.

பாலகிருஷ்ணன் போய்ப் பார்த்தான். “மிஸ்டர், ப்ளீஸ். சத்தம் கொஞ்சம்...” என்று கையைத் தாழ்த்திக் காட்டினான். அவன் ஆடுகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வெட்கத்தில் அவன் காது சூடேறியது.

கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அபுபக்கர் பாய், முன்சீட்டிலிருந்து திரும்பி, தங்கமணியிடம் கெஞ்சினார். “ஏம்மா தங்கமணி, ஒரே ஒரு சத்தம் போடும்மா. இவனுவ கிள்ளான் வரைக்கும் மூச்சு விடமாட்டானுவ.”

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். கழுத்து நரம்பு மட்டும் புடைத்து அடங்கியது. பாவம், எத்தனை வசவு அங்கே முட்டிக்கொண்டு நின்றதோ!

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்த பஸ்ஸில் மணி கெட்டுப்போய்ப் பல மாதமாயிற்று. பாலகிருஷ்ணன் டிக்கெட் துளைக்கும் இரும்பால் கம்பியில் தட்டுவான். ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் போக வேண்டும். டிரைவர் மாட் நோருக்குக் கண்ணாடியைவிட அந்தத் தட்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ஜெராமில் பஸ் நின்றது. சுங்கை செம்பிலாங்கிலிருந்து வந்த மீன்காரக் கிழவிக்குக் கூடையை இறக்கிக் கொடுக்க, பாலகிருஷ்ணன் முன்கதவுக்குப் போனான். சாலையோரக் கடையில் வாழைப்பழம் பொரிக்கும் வாசனை வந்தது. ஆடிக்கொண்டிருந்த பெண் நடுக்கதவு வழியாகக் குதித்துக் கடைக்கு ஓடினாள். அவள் கூட்டாளிகள் யாரும் கவனிக்கவில்லை, பாட்டு உச்சத்தில் இருந்தது. பாலகிருஷ்ணன் கூடையை இறக்கிவிட்டு ஏறுகிற அதே நேரம், கரண்டிக்காரன் கம்பியில் தட்டினான். டக், டக்.

மாட் நோர் பஸ்ஸை எடுத்துவிட்டார். கண்டக்டர் தட்டியதாகத்தான் அவருக்குத் தோன்றியது. டிரைவர் பார்த்துத்தான் எடுக்கிறார் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டான்.

அந்தப் பெண் பொட்டலத்தை வீசிவிட்டு ஓடி வந்தாள். கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். படியில் வைத்த கால் வழுக்கியது. தோள்பையின் வார் கைப்பிடியில் சிக்கிக்கொள்ள, பஸ் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. பின்சக்கரம் அவள் காலுக்குப் பக்கத்தில் சுழன்றது. அவள் அலறினாள். உள்ளே அவள் கூட்டாளிகளும் அலறிக்கொண்டுதான் இருந்தார்கள், பாட்டு என்ற பேரில். எது பாட்டு, எது அலறல் என்று யாருக்குத் தெரியும்?

பார்த்தது தங்கமணி ஒருத்திதான். தூக்குச்சட்டி உருண்டு ரசம் கொட்டியது. அவள் பாய்ந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் பஸ் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பாலகிருஷ்ணன் காதில் அதுவும் தாளமாகவே விழுந்தது. மாட் நோரோ, போகச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள் என்று வேகத்தைக் கூட்டினார். வியர்த்த மணிக்கட்டு அவள் பிடியிலிருந்து நழுவத் தொடங்கியது.

அந்தக் கணத்தில் தற்செயலாகத் திரும்பிய பாலகிருஷ்ணன் தங்கமணியின் முகத்தைப் பார்த்தான். சாகும்வரை அவனால் அதை மறக்க முடியாது. அவள் ஒருதரம், ஒரே ஒருதரம், கையிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“நிறுத்துடா பாலா! புள்ள விழுதுடா!”

எத்தனை மாதம் அடைத்து வைத்திருந்த குரல் அது! கண்ணாடிகள் அதிர்ந்தன. மாட் நோரின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. கித்தார் நின்றது, கரண்டி கீழே விழுந்தது. எல்லாரும் முன்னால் சரிந்தார்கள். பாலகிருஷ்ணன் மூட்டைகளைத் தாண்டி ஓடி, அந்தப் பெண்ணைத் தூக்கி உள்ளே போட்டான். முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. சக்கரத்துக்கும் அவள் பாதத்துக்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும்.

தங்கமணி சீட்டில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன செய்வது? வார்த்தை போய்விட்டதே.

“ஐயோ, அக்கா...” என்றான் பாலகிருஷ்ணன். தன்னை வதைத்த கூட்டத்துப் பிள்ளைக்காக, தன் பேரப்பிள்ளைக்கு வைத்திருந்த காவலை எடுத்துக் கொடுத்துவிட்டாளே! இவள் என்ன மனுஷியா, இல்லை கோயிலில் இருக்க வேண்டியவள் தவறி பஸ்ஸில் ஏறிவிட்டாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

கித்தார்க்காரன் என்ன நடந்தது என்று கேட்டான். பாலகிருஷ்ணன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். “திஸ் ஆன்ட்டி, நோ டாக். மெனி மந்த். ப்ரேயர். ஹெர் டாட்டர் பேபி. நவ், ஃபார் யூ, டாக். ப்ரேயர் ஃபினிஷ்.” அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ, கரண்டிக்காரன் முகம் வெளுத்துவிட்டது. கால்கள் சீட்டிலிருந்து இறங்கின. அந்தப் பெண் ரசம் கொட்டிய தரையிலேயே உட்கார்ந்து, தங்கமணியின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கிள்ளான் வரை விடவில்லை. கிள்ளான் வரை கித்தாரை யாரும் தொடவில்லை.

பத்து நாள் கழித்து ரமணிக்கு வலி எடுத்தது. ஆண் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு வருவதற்குள், அதற்குக் காரணமும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது. வேண்டுதலை முறித்தாள், சாமி எடுத்துக்கொண்டது. லயத்துக்கு லயம் இதுதான் பேச்சு. பாலகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தான் நடுக்கதவில் நின்றிருந்தால் அவள் கத்தியிருக்க வேண்டியதில்லையே என்று நெஞ்சு குத்தியது.

கிள்ளானில் அம்மாவும் மகளும் பஸ் ஏறியபோது அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ரமணியின் கை வெறுமையாக இருந்தது. தங்கமணி ஒரு சொல் பேசவில்லை. இப்போது அவளைத் தடுக்க எந்த வேண்டுதலும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மகள் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயம் என்பது, அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

முன்சீட்டில், அதே லயத்து ராஜம்மா, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். காதோடு சொல்வதுபோல், ஆனால் எல்லார் காதிலும் விழும்படி. “எவளோ வெள்ளக்காரிக்காவ வாயத் தொறந்தா. ஆத்தா சும்மா வுடுவாளா?”

பழைய தங்கமணியாக இருந்தால் ராஜம்மா அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்க முடியாது. இந்தத் தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுந்தது ரமணி. பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, அப்படிப்பட்ட பெண். பிள்ளை பெற்ற உடம்பு, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“ராஜம்மாக்கா!”

அடேயப்பா! அந்தத் தொண்டைக்குள் அப்படியொரு குரல் இருந்தது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

“எம் புள்ளைக்கி கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டரு சொன்னாரு. எங்கம்மா வாய் தொறந்ததுனால சுத்தல. அந்தப் பொண்ணையும் ஒருத்தி சொமந்துதான் பெத்திருப்பா. அது சக்கரத்துல போறதப் பாத்துக்கிட்டு எங்கம்மா வாயப் பொத்திக்கிட்டு வந்திருந்தா, அந்த வாயால கொஞ்சுறதுக்கு எம் புள்ளையக் குடுத்திருக்கவே மாட்டேன். உசுரோட பொறந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். ஆமா!”

ராஜம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாலகிருஷ்ணன் இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, தட்ட மறந்து, நின்றான். அம்மாவைப் பார்த்து மலைத்தவன், இப்போது மகளைப் பார்த்து மலைத்தான். எங்கிருந்து வருகிறார்கள் இந்த மனுஷிகள்!

ரமணி உட்கார்ந்தாள். தங்கமணி மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள். வாயைப் பொத்தாமல், முந்தானையைத் திணிக்காமல், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, குரலெடுத்து அழுதாள். மாட் நோர் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் நேரமாயிற்று என்று சொல்லவில்லை.

அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுத் தங்கமணி நிமிர்ந்தாள்.

“என்னடா பாலா பாத்துக்கிட்டு நிக்கிற? ரெண்டு டிக்கெட்டு கிழிடா. புக்கிட் ரோத்தான்.”