குழைந்த பிரியாணியும் அழிக்க முடியாத வரியும்

பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி பல வருடங்களாக வலைப்பூ எழுதிவந்தாள். கணவர் துபாயில், அவள் தென்காசியில் மாமியாரோடு (அவளுக்கு ‘மாமி’) இருந்துகொண்டு சமையல், குற்றால சீசன் கூட்டம், பிள்ளைகளின் சேட்டை என்று எழுதுவாள். போன வருடம் அந்த வலைத்தளத்தை நடத்திய சிறு நிறுவனம் மூடப்பட்டது. முன்கூட்டியே வந்த மின்னஞ்சலை அவள் பார்க்கவில்லை. எழுதியதெல்லாம் போய்விட்டது.

"ஒண்ணுகூட மிச்சம் இல்லட்டி" என்று போனில் சொன்னாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நானும் அதே ஊரில் வீட்டிலிருந்தே பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். பிளாக்செயின் வேலை கொஞ்சம் பழக்கம். அவளுக்காக அதில் ஒரு வலைப்பூ செயலி செய்ய முடிவெடுத்தேன். பதிவு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்காது. முன்பின் தெரியாத பலரின் கணினிகளில் அதே பிரதி இருக்கும். யாராலும் அழிக்க முடியாது.

"யாராலயும்னா, ஒன்னாலயுமா?" என்று கேட்டாள்.

என்னாலும்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

மூன்று மாதம், தினமும் காலையில் அலுவலக வேலைக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடித்ததால் நீண்ட பதிவுகளை ஏற்ற முடியவில்லை. பதிவைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பில் வைத்து, அதன் அடையாள எண்ணை மட்டும் பிளாக்செயினில் ஏற்றியதும் சரியாகிவிட்டது.

முதல் பதிவில் குடும்பத்தோடு பழைய குற்றாலம் போய்வந்ததை எழுதினாள். சாரலும் கூட்டமும் நன்றாக வந்திருந்தன. நடுவில் ஒரு வரி: "மாமி கட்டிக்கொண்டு வந்த பிரியாணியைக் கரண்டியால் அல்ல, டம்ளரால்தான் பரிமாறினோம்." படித்துச் சிரித்தேன். அவள் வெளியிட்டாள்.

மறுநாளே போன் வந்தது. அவள் கணவர் பெருமை தாங்காமல் பதிவைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்.

"மாமி இன்னும் பாக்கல. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துருட்டி."

திருத்திய பதிவை மேலே வைக்கலாம், ஆனால் தேடுகிறவர்களுக்குப் பழையது கீழே தெரியும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நல்லாத்தான் செஞ்சு குடுத்திருக்க" என்றாள்.

குற்ற உணர்ச்சியோடு அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். வேறு யாராவது சொல்வதற்குள் தானே மாமியிடம் வாசித்துவிடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வேகமாக வாசித்துவந்தவள் அந்த இடத்தில் தடுமாறினாள். மாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குக் குழஞ்சிட்டு, நெசந்தான். ஆனா பழைய அரிசின்னு கடக்காரன் புது அரிசியக் குடுத்திருக்கான். வாங்கிட்டு வந்தது நீ. அத ஏன் எழுதல?"

தோழி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மாமியும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இதற்குக் கீழே தான் எழுத வழி இருக்கிறதா என்று கேட்டார். பின்னூட்டம் போடும் வசதியை நான் செய்யவே இல்லை. ஒரு வாரத்தில் செய்துகொடுத்தேன். மாமி போனில் பேசப் பேச, அது எழுத்தாகிக்கொண்டே வந்தது. "கடக்காரன்" என்பது "கடற்கரையான்" என்று விழுந்ததை வெளியிடும்வரை யாரும் கவனிக்கவில்லை. இனி அதையும் மாற்ற முடியாது என்றேன்.

"கெடக்கட்டும், ஆளுகளுக்குப் புரியும்" என்றார்.

இப்போது மாமிக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மருமகளைவிட வாசகர்களும் அதிகம். இத்தனை வருடம் நான் செய்த எதையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்ததில்லை. இதைப் பார்க்கிறேன். இன்று காலை மாமி செங்கோட்டையில் வாங்கிய பலாப்பழத்தைப் பற்றி எழுதியிருந்தார். வாசித்துவிட்டு அலுவலக வேலையைத் தொடங்கினேன்.