கைக்காசா, கடனா?

தென்காசிச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. "பீர் சார் மவுத்தாயிட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார் அலுவலக உதவியாளர். பொறுக்கியதை அப்படியே கடைக்காரரின் தட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கம் செய்தார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பீர் முகமது சார் எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவர். நான் வணிகவியல் ஆசிரியன். குற்றாலம் போகும் சாலையில் இருக்கும் தனியார் கல்லூரி அது. அரசு உதவி கிடையாது. பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான் எங்களுக்குச் சம்பளம். சேர்க்கைக் காலத்தில் நானும் அவரும் ஒரே மேசையில் உட்காருவோம். வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு சேர்த்துக்கொள்வது எங்கள் வேலை. சார் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்புவார்.

"கைக்காசா, கடனா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கைக்காசு என்றால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார். கடன் என்றால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்வார். ஒரு சேர்க்கை போயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்துவிடும்.

ஒரு வருடம், புளியறைச் சோதனைச் சாவடிப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் மகனோடு வந்தார். பையனுக்கு வேதியியல்தான் வேண்டுமாம். வங்கியில் கல்விக் கடனுக்குச் சொல்லி வைத்தாயிற்றாம். பி.எஸ்ஸி. முடித்து மருந்துக் கம்பெனிக்குப் போகிறவனுக்கு முதல் வருடம் என்ன சம்பளம் கிடைக்கும், அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன நிற்கும், அதில் வங்கித் தவணை எவ்வளவு என்று சார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு, "உங்க கடைல பரோட்டா மாஸ்டருக்கு என்ன குடுக்கீங்க?" என்று கேட்டார். கடைக்காரர் சொன்ன தொகை, சார் சொன்ன சம்பளத்தைவிட அதிகம். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் மகனைப் பார்த்தார்.

"படிக்க வேண்டாம்னு சொல்லல அண்ணாச்சி. இதே பாடம் கவர்மெண்ட் காலேஜ்ல இருக்கு. அங்கன கடனில்லாம படிக்கட்டும். எம்.எஸ்ஸி.க்கு நல்ல இடம் கெடச்சா அப்போ கடன் வாங்குங்க" என்றார் சார்.

அந்த வருடம் வேதியியலில் பாதி இடம் காலி. செயலாளர் கூப்பிட்டு ஏசியதில் எனக்கும் பங்கு கிடைத்தது. சம்பளம் தள்ளிப்போனது. உப்பிட்ட இடத்துக்கு இப்படியா செய்வீர்கள் என்று சாரிடம் சண்டைக்குப் போனேன். "அந்த உப்பு, அந்தப் பிள்ளைக வீட்டு உப்புலா" என்றார்.

அவருக்கு வேதியியல் கசந்துபோயிற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். செய்முறை வகுப்பில் பார்த்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். கரைசல் நிறம் மாறும் நேரத்தில் மாணவர்களுக்கு முன்னால் அவர்தான் குனிந்து பார்ப்பார். அத்தனை வருடம் பார்த்தும் அலுக்காத நிறம்!

இப்படிப்பட்டவர், தன் மகள் சபீனா சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்க ஆசைப்பட்டபோது பெருங்கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். கேள்விப்பட்டதும் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்தான். சாரல் விழுந்த ஒரு சாயங்காலம், குற்றாலத்தில் டீ குடிக்கும்போது, உபதேசம் ஊருக்குத்தானா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கணக்கு உதைக்கத்தான் செய்யுது. நானும் போட்டுப் பாத்தேன். ஆனா அவ சம்பளம் பத்தலேன்னா மிச்சத்தக் கட்ட நான் இருக்கேன்லா? புளியறைக்காரர் மகனுக்கு அப்பிடி யாரு இருக்கா?"

அன்றைக்கு அது எனக்குச் சாக்குப்போக்காகப் பட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை. நாங்கள் எல்லோரும் கடனையும் சம்பளத்தையும் மட்டும்தான் பார்த்தோம். சறுக்கினால் தாங்கிப்பிடிக்க வீட்டில் ஆள் உண்டா என்பதையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பில்தான் இத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் என் மனைவியோடு அவர் வீட்டுக்குப் போனேன். சபீனாவுக்கு இது கடைசி வருடம். படிப்பை நிறுத்திவிட்டு மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னாள். "வாப்பா இருக்காகன்னுதான் மாமா இவ்வளவு கடன் வாங்குனேன். இனிம யார நம்பிப் படிக்க?"

இப்போது நிறுத்தினால் கடன் நிற்கும், பட்டம் நிற்காது என்று எனக்குத் தெரிந்த வணிகவியலைச் சொன்னேன். தலையாட்டினாள். சாருடைய மகளுக்கு இது தெரியாதா? மனைவியைப் பார்த்தேன். எங்கள் தலையிலேயே வீட்டுக் கடன் இருக்கிறது. கைகொடுக்கிறோம் என்று நானாகச் சொன்னால் மனைவியிடம் என்ன வாங்கிக்கட்டிக்கொள்வேனோ என்று தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே முந்திக்கொண்டாள்.

"ஏட்டி, நீ போயிப் படி. பத்தலேன்னா நாங்க இருக்கோம்லா."

அதுவரை கண் கலங்காமல் பேசிக்கொண்டிருந்த சபீனா அப்போதுதான் அழுதாள்.

சார், நேற்று அவளைத் தென்காசி ஸ்டேஷனில் சென்னைக்கு ரயிலேற்றிவிட்டோம். வண்டி நகர்ந்த பிறகும் என் மனைவி கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். இரவு நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுக்கும் உதைக்கத்தான் செய்கிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.