சுரங்கத்தடியில் ஒரு குத்துவிளக்கு

என்ர மனுசனுக்கு ரிட்டயர் ஆன கையோட பிடிச்ச பைத்தியம், நிலக்கரி. நாங்கள் இருக்கிற கிரவீனில மற்ற ஆம்பிளையள் தக்காளி நடுகினம், பேரப்பிள்ளையை ஸ்கூலுக்கு ஏத்தி இறக்குகினம். இவர் சிட்னியில ஒரு கால்வாய்க் கரையில முந்தி இருந்த சின்ன நிலக்கரிச் சுரங்கத்தின்ர கதையைப் பிடிச்சுக்கொண்டார். இப்ப அங்க அடுக்குமாடி வீடுகளும் சனம் நாயோட நடக்கிற பாதையும்தான் இருக்கு.

கரியை மேல எடுத்து, தட்டைப் படகில ஏத்திக் கால்வாயால அனுப்பினவையாம். கரியை விடத் தண்ணிதான் கூட வந்ததாம். காசு போட்ட ஆக்கள் எல்லாம் தலையில கை வைச்சவையாம். குசினி மேசையில புட்டுக்குழலை நிமித்தி வைச்சு, "இதுதானப்பா சுரங்கத்துக்குள்ள இறங்கிற கிணறு" எண்டுவார். "புட்டு ஆறுது, முதல்ல மேல வாங்கோ" எண்டுவன் நான்.

ஆனா பாவம், அவருக்கு ஒரேயொரு ஆசை. இந்தக் கதையை எங்கட சனத்துக்கு முன்னால நிண்டு ஒருக்காச் சொல்லவேணும். எங்கட தமிழ்ச் சங்கத்தில இவருக்கு எப்பவும் நன்றியுரைதான் குடுப்பினம். அதைத் தொடங்கேக்க சனம் சாப்பாட்டு வரிசையில நிக்கும். கடைசியில தலைவரைக் கரைச்சுக் கரைச்சு, முதியோர் சுற்றுலாவைச் சுரங்கத்தடிக்குத் திருப்பிப்போட்டார். புதுச் சேர்ட் வாங்கினார். பாத்ரூமுக்குள்ள நிண்டு பேசிப் பழகினார். நான் வெளியில நிண்டு கை தட்டினன்.

எங்கட ஆக்கள் எங்க இறங்கினாலும் விழா விழாதான். பஸ்ஸால பதாகை இறங்கிச்சுது, பொன்னாடை இறங்கிச்சுது, குத்துவிளக்கும் இறங்கிச்சுது. கால்வாய்க் காத்து சேலையளைத் தூக்கியடிக்க, தலைவர் சுத்திப் பாத்து, மதிலுக்குப் பின்னால காத்துப் படாத மூலை ஒண்டைக் கண்டுபிடிச்சார். மூடின சுரங்கத்தில இன்னும் ஊறுற வாயு வெளியால போறதுக்கு ஒரு இரும்புக் குழாய் விட்டிருக்கினம். அது நிக்கிற மூலைதான் அது! நெருப்புக் கொண்டுவரவேண்டாம் எண்டு பெரிய சிவப்புப் பலகையும் வைச்சிருக்கினம். எங்கட கெட்டிக்காரர் அந்தப் பலகையிலயே பதாகையை விரிச்சுக் கட்டிவிட்டினம். நானும் பெரிய மனுசி மாதிரி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டனான். இவர் தள்ளி நிண்டு, பேச்சைக் கடைசியா ஒருக்கா வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் நெருப்புப் பெட்டியைத் திறந்தார்.

"நிப்பாட்டுங்கோ! கொளுத்தாதேங்கோ!"

ஐயோ, என்ர மனுசன்ர குரலா இது? கட்டின நாளில இருந்து என்னட்டக்கூடச் சத்தம் போட்டதில்லை. போட விட்டிருப்பனோ, அது வேற கதை. ஓடி வந்து தலைவர்ர கையில இருந்த பெட்டியைப் பறிச்சுப்போட்டார்.

தலைவருக்கு முகம் கறுத்துப்போச்சு. "விளக்கேத்தாமல் என்னெண்டு தொடங்கிறது? அபசகுனமெல்லோ?"

இவர் பதாகையை அவிட்டுப் பலகையைக் காட்டினார். பாடமாக்கின பேச்சில ஒரு சொல்லும் வரேல்லை எண்டு எனக்குத் தெரிஞ்சுது. இந்த மனுசனுக்குக் கிடைச்ச ஒரு நாளும் போச்சே எண்டு நினைச்சன்.

"அண்ணை, இதுக்குக் கீழதான் அவை செத்தவை" எண்டார். "காலமை சாப்பாடு கட்டிக்கொண்டு சுரங்க வேலைக்கு இறங்கின பொடியள். இருட்டில வழி தெரியேல்லை எண்டு ஒரு விளக்குக் கொளுத்தினவை. அவ்வளவுதான், வாயு பத்திப்போச்சு."

எங்கட சனம் இவர் சொல்லுறதைக் கேட்டு நிண்டதை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

மகனை ஊரில நடந்த யுத்தத்தில துலைச்சிட்டு, இண்டைக்கும் தேடிக்கொண்டிருக்கிற அக்கா ஒராள் மெல்ல முன்னுக்கு வந்தா.

"உடம்பையாவது எடுத்துக் குடுத்தவையோ, தம்பி?"

"இல்லை அக்கா. நெருப்பு அணையேல்லை. அப்பிடியே மூடிவிட்டினம்."

அக்கா தான் நிண்ட கொங்கிறீட்டைக் குனிஞ்சு பாத்தா. பிறகு செருப்பைக் கழட்டித் தள்ளி வைச்சிட்டு, வெறுங்காலோட நிண்டா. தலைவர் சப்பாத்து நாடாவை அவிட்டார். நாங்கள் எல்லாரும் கழட்டினம்.