குடைக்குள் பத்துமணிப் பூ

அப்பாவுக்குக் கேம்பல் பேக்கு மாற்றல் உத்தரவு வந்த வாரம், எங்கள் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால் அம்மா பத்துமணிப் பூச்செடி போட்டிருந்தாள். தரையோடு தரையாகப் படர்ந்து, வெயில் ஏறியதும் சிவப்பும் மஞ்சளுமாக விரிந்து, மத்தியானம் தாண்டினால் சுருங்கிக்கொள்ளும் செடி. காலையில் முதல் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் போதும், அம்மா களை பிடுங்க உட்கார்ந்துவிடுவாள். அந்த வாரம் அவள் வாசல் பக்கமே போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அவள் வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. எனக்குப் பிறகு இரண்டு உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இந்த முறை போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியை விட்டு நகரவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேம்பல் பே அந்தமான் நிக்கோபாரின் தென்கோடி, கப்பலில் போய்ச் சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும். அம்மாவைத் தனியாக விட்டுப் போகவும் முடியாது, துணைக்கு வர மெயின்லேண்டில், தமிழ்நாட்டுப் பக்கம், யாரும் இல்லை. இதை அப்படியே அப்பாவின் ஆபீஸ் அதிகாரியிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை இரங்கியிருப்பார். ஆனால் ஏழாம் மாதம் வளையல் போடும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று அம்மா அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். முன்பு இரண்டு தடவையும் ஊர் முழுக்கச் சொல்லிக் கண் பட்டுப் போயிற்று என்பது அவள் முடிவு. அதனால் அப்பா விண்ணப்பத்தில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதினார். கேம்பல் பேக்கு மாற்றல் வந்த மறுநாளே இங்கே எல்லோருக்கும் குடும்பச் சூழ்நிலை வந்துவிடும் என்பது அதிகாரிக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமை கப்பல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதிகாரியை வீட்டிலேயே பார்க்கக் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார், பாசத்தால் அல்ல. சின்னப் பெண் பக்கத்தில் நின்றால் அவர் குரலை உயர்த்த மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. பஸ்ஸில் எனக்கு இரண்டு கட்டளைகள் போட்டார். அம்மாவுக்குப் பாப்பா பிறக்கப் போவதைச் சொல்லக் கூடாது. அங்கே தோட்டத்தில் எதையும் தொடக் கூடாது. அந்தத் தோட்டம் அதிகாரி தன் கையால் போட்டது. செடியை மிதித்த தோட்டக்காரரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் என்று ஆபீசில் பேச்சு.

சாத்தம் போகிற வழியில் ஒரு மேட்டின் மேல் அந்த வீடு. கேட்டிலிருந்து வராந்தா வரை, பாதையின் இரண்டு பக்கமும் ஜமுக்காளம் விரித்த மாதிரி பத்துமணிப் பூ. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் ஏறினார். அவருக்கு நாற்காலி போடவில்லை. நான் கீழே, கையில் எங்கள் நீளக் கறுப்புக் குடையோடு நின்றேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். வெள்ளை இதழில் ரோஜா நிறக் கோடு. அம்மாவிடம் இல்லாத நிறம். அம்மா பல நாள் யார் யார் வீட்டிலோ தேடி, கிடைக்காமல் பெருமூச்சு விட்ட நிறம். செடி விஷயத்தில் அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, சொந்தக்காரருக்குத் தெரியாமல் கிள்ளி வந்தால்தான் தழைக்கும். மற்ற எதிலும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் போல நடக்கிறவள், இதில் மட்டும் கூச்சமே படமாட்டாள். எனக்கு அதில் பயிற்சியும் கொடுத்திருந்தாள். இந்த ஒரு கிள்ளு கிடைத்தால் அவள் எழுந்து வாசலுக்கு வருவாள் என்று எனக்குத் தோன்றியது. மேலே அப்பாவின் குரல் கம்மிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு தண்டைப் பிடித்து இழுத்தேன்.

முதல் நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. ஒரு தண்டு வரவில்லை. சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு கொத்தே வேரும் மண்ணுமாகக் கையோடு வந்துவிட்டது. பூ விரிப்பின் நடுவில் வழுக்கை விழுந்த மாதிரி சிவப்பு மண் தெரிந்தது. திரும்ப வைத்து அமுக்கினேன், நிற்கவில்லை. வராந்தாவில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல் கொத்தைக் குடைக்குள் திணித்து, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி எழுந்து நின்றிருந்தார். ஃபேமிலி எல்லோருக்கும்தான் இருக்கிறது, வியாழக்கிழமை ரிலீவ் ஆகிவிடுங்கள் என்று சொன்னார்.  அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது.

அப்பா குடையைக் கேட்டார். நான் அதை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சின்ன மழைதானே என்றேன். எங்கள் ஊரில் சின்ன மழை என்று ஒன்று கிடையாது. அப்பா கையை நீட்டியபடியே நனைந்துகொண்டிருந்தார். அதிகாரி வராந்தாவிலிருந்து புருவத்தைச் சுருக்கிப் பார்த்தார். குடையை விரித்தால் அவருடைய செடி, அவர் கண் முன்னால், அப்பாவின் தலையில் விழும். அப்புறம் கேம்பல் பே வேலைகூட மிஞ்சாது என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழையும் இந்தியையும் பிசைந்து பேசுவார், சின்னப் பெண்கள் எல்லோரும் அவருக்கு 'பேட்டி', மகள். "குடைய கைல வெச்சிட்டு ஏன் பேட்டி நனையற? இதர் தோ, இங்க குடு" என்று படியிறங்கி வந்து, என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். வராந்தாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லேசாகத் திறந்தார். மண் அவர் விரல்களில் உதிர்ந்தது.

"யாருக்கு இது?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"அம்மாவுக்கு. அம்மா எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க. பாப்பா வயித்துல இருக்கு. கப்பல்ல போகக் கூடாது. யார்ட்டயும் சொல்லக் கூடாது."

செடியைத் தொட்டது போதாதென்று, ஒரே மூச்சில் இன்னொரு கட்டளையையும் உடைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.  வராந்தாவிலிருந்து என்ன விஷயம் என்று குரல் வந்தது.

"கம்பி உடைஞ்சிருக்குங்க" என்று திரும்பாமலே சொன்னார். குடையை இறுக்கமாகச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தன் பூப்போட்ட குடையை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினார். "நாளைக்கு ஒரு மணிக்கு இத உங்க வீட்டம்மாகிட்ட குடுத்து அனுப்புங்க. வேற யாரும் வேணாம், அவங்களே வரணும்."

நம் குடையில் எந்தக் கம்பி உடைந்தது என்று அப்பா வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அம்மாவையே வரச் சொல்கிறார் என்றால் விசாரணைதான், மகள் லட்சணத்தைச் சொல்லத்தான் என்று நினைத்தேன். கொத்தைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நட்டு, மேலே ஓட்டை வாளியைக் கவிழ்த்து வைத்தேன். 

மறுநாள் அம்மா முந்தானையை வயிற்றைச் சுற்றி நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஸ்கூல் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். குற்றவாளி நேரில் இல்லாமல் விசாரணை நடக்கக் கூடாது என்று ஏதோ ஒரு நியாயம். கேட்டைத் தாண்டியதும் என் கண் அந்த வழுக்கையைத் தேடியது. அங்கே ஒரு மண் தொட்டி இருந்தது. அதில் ஒரு குரோட்டன்ஸ் செடி. அந்த அம்மாளின் வேலைதான் என்று புரிந்தது. தடயம் கலையாமல் போலீஸ்காரர்கள் அடையாளம் வைப்பார்களே, அது போல வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அந்த அம்மாள் அம்மாவை வராந்தாவில், கேட்டைப் பார்த்த நாற்காலியில் உட்காரவைத்தார். மோர் கொடுத்தார், சொந்த ஊர் எது என்று விசாரித்தார், குடையைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாக அப்போது ஜீப் வந்தது. அதிகாரி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். பாதையில் நடந்து வந்தவர் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"இத யாரு இங்க வெச்சது?"

"நான்தான். அதுக்கு வெயில் வேணும்" என்றார் அந்த அம்மாள். அவர் தொட்டியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து அதைத் தூக்கிவிடுவார் என்று தோன்றியது. தூக்கவில்லை, படியேறினார்.

பெரிய மனிதர் வருகிறாரே என்று அம்மா எழுந்தாள். சட்டென்று எழ முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றி எழுந்ததில் முந்தானை நழுவியது. அவர் பார்த்தார். 

"உங்க வீட்டுக்காரர் இத ஏன் என்கிட்ட சொல்லல?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முன்னாடி ரெண்டு தடவை எல்லார்கிட்டயும் சொன்னோம் சார். தங்கல."

அவர் உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலமே அப்பாவைக் கூப்பிட்டு, மாற்றலை ஒரு வருடம் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். டிரம்முக்குப் பின்னால் செடி பூத்தபோது, தானாக முளைத்தது என்றேன். அம்மா வெகுநேரம் அந்த ரோஜா நிறக் கோட்டையே பார்த்தாள், எங்கேயிருந்து என்று கேட்கவில்லை. தங்கை நல்லபடியாகப் பிறந்ததும் அதோடு சேர்ந்துகொள்ள, எல்லாம் திருட்டுச் செடியின் ராசி என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது சிப்பிகாட்டில் சொந்த வீடு, வாசல் முழுக்க அந்தச் செடிதான். யாராவது ஆசையாகப் பார்த்தால் அம்மா ஏதோ வேலை இருப்பது போல முதுகைக் காட்டி நின்றுகொள்வாள்.

அந்த நாளில், தங்கை பிறந்ததற்கு இனிப்புக் கொடுக்க அப்பாவோடு மறுபடி அந்த மேட்டு வீட்டுக்குப் போனேன். தொட்டியைக் காணோம். அந்த இடத்தில் செடி படர்ந்து மூடியிருந்தது. எது அந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் என் கையில் பிஸ்கெட் கொடுத்து, "குடை நல்லா இருக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டு அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். தடயத்துக்கு வைத்த தொட்டியை எடுத்துவிட்டார்கள், இனி என்னை யாரும் பிடிக்க முடியாது என்று அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி.