ஊசிக்குப் பயந்தவர்

விடிந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னே சக்கரபாணியின் கை நாய் செவலையின் அடிவயிற்றுக்குப் போய்விடும். அங்கே இருக்கிற கட்டியைக் கட்டைவிரலால் மெல்ல உருட்டிப் பார்ப்பார். "நேத்தைக்கு இன்னிக்கு ஜாஸ்திதான்" என்பார். மாசியில் சுண்டைக்காயாக இருந்தது, சித்திரையில் நெல்லிக்காய், இப்போது எலுமிச்சம்பழம்.

"எனக்குக் காய்ச்சல்னா நெத்தியத் தொட்டுப் பாக்க ஆளில்ல" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி ரேவதியின் குரல் வரும்.

சக்கரபாணி செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆள் ஆறடி. சத்தம் போட்டால் பஸ்காரனே ஒதுங்குவான். ஆனால் ஊசி என்றால் ஓடிப்போவார். காலில் ஆணி ஏறினபோதுகூட மஞ்சளைச் சுட்டு வைத்துக்கொண்டாரே தவிர, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்கவில்லை. செவலை அவர் காலடியில் உட்கார்ந்தே கிழவியாகிவிட்ட பெட்டை நாய். சவாரி ஏறுகிறவர்கள் முகம் சுளித்தால், "அது உங்க சீட்டுல உக்காரலீங்களே" என்பார்.

போன வாரம் கால்நடை டாக்டர் எழிலரசியிடம் கொண்டுபோனார். தடவிப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "எடுத்துடணும்ணா. முதல்ல ஊசி போட்டுடலாம்."

ஆட்டோ ஸ்டாண்டில், ஒரு நாய்க்கு ஊசி போட்டுட்டாங்க என்றால் ஒரே அர்த்தந்தான். அதன் கதை முடிந்தது. சக்கரபாணிக்குக் காது அடைத்துவிட்டது. செவலையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், வேங்கிக்கால் ஊரையே தாண்டித்தான் வண்டியை நிறுத்தினார்.

ரேவதிதான் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஐயோ, அந்த ஊசி இல்லீங்கண்ணா! இது மரத்துப்போற ஊசி. பல்லு புடுங்கறப்ப போடுவாங்களே, அது. வயசான நாய், இதயம் வீக்கா இருக்குது. முழு மயக்கம் குடுக்க பயமா இருக்கு. லேசா கிறக்கம் மட்டும் குடுத்துட்டு, கட்டியைச் சுத்தி மரக்க வெச்சிடுவேன். வலி தெரியாது."

ஒரு பயம் இறங்கியது. அதைவிடப் பெரிசாய் இன்னொன்று ஏறியது.

"அப்ப முழிச்சிக்கினே இருக்குமா? வெட்டறது தெரிஞ்சா?"

"தெரியாதுங்க."

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ரேவதி போனைப் பிடுங்கினார். "எலுமிச்சங்கா தேங்கா ஆவற வரைக்கும் உருட்டிக்கினே இருக்கப் போறீங்களா?"

திங்கட்கிழமை செவலையின் நெற்றியிலும் தன் நெற்றியிலும் விபூதி பூசிக்கொண்டு போனார். டாக்டர் அடிவயிற்று முடியை மழித்து, கட்டியைச் சுற்றி வேலி கட்டுகிற மாதிரி ஊசியால் மருந்தை இறக்கினார். அது முடிகிறவரை சக்கரபாணி சுவரைப் பார்த்தபடி நின்றார். சற்றுப் பொறுத்து டாக்டர் இடுக்கியால் அந்த இடத்தைக் கிள்ளினார். "பாருங்கண்ணா, அசையவே இல்ல."

பார்த்தார். செவலை பாதி மூடின கண்ணோடு அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

"கடிச்சிடும்ணா!"

"வாயைக் கட்டிட்டா, வலிக்குதுன்னு எதாலம்மா சொல்லும்?"

"கடிச்சா அப்புறம் உங்களுக்குத்தான் ஊசி. ஒண்ணோட போகாது, வரிசையா போடணும்."

சக்கரபாணி "அருணாசலா" என்று முணுமுணுத்துவிட்டு, மணிக்கட்டைச் செவலையின் பற்களுக்கு நடுவே கொடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வெட்டுங்கம்மா. வலிச்சா அது எனக்குச் சொல்லிடும்."

உயிர் முழுக்க அந்த மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. இதோ பல் பதியப்போகிறது, இதோ பதியப்போகிறது என்று காத்திருந்தார். சூடாக மூச்சு பட்டது. எச்சில் முழங்கை வரை வழிந்தது. தட்டில் ஏதோ தொப்பென்று விழுந்தது.

"எடுத்தாச்சுண்ணா. கையை எடுங்க."

சக்கரபாணி கண்ணைத் திறக்கவில்லை.

"தையலும் ஊசிதானேம்மா" என்றார். கை அங்கேயே இருந்தது.