மெசின் கிணற்றில் போட்ட குளோரீன்

"கார்த்திகை, இரண்டாம் செவ்வாய். வெள்ளம் வடிந்து நாலாம் நாள். காலையில் வெயில். ஊர்க் கிணறுகளை இறைத்துக் குளோரீன் போட்டோம். மெசின் கிணற்றுக்கும் போட்டோம்."

எங்கள் கிராமத் தண்ணீர்ச் சங்கத்தின் கூட்ட அறிக்கைக் கொப்பியில் இந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. நான்தான் சங்கத்தின் செயலாளர். மெசின் கிணற்றுக்கும் போடச் சொன்னது யார் என்று அதில் எழுதவில்லை. அன்றைக்கு அது எழுதவேண்டிய விஷயமாகத் தெரியவில்லை. சொன்னவன் நான்.

எங்கள் ஊர் படுவான்கரையில் கடல் உப்பு ஏறுகிற வாவியை ஒட்டி இருக்கிறது. மாரியில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கலாம். பங்குனி பிறந்தால் உவர் ஏறிவிடும். சோற்றுக்கு உப்புப் போடத் தேவையிருக்காது, தேத்தண்ணீருக்குச் சீனி எவ்வளவு போட்டாலும் போதாது. தண்ணீர் பவுசர் வண்டி வருகிற நாளில் பெண்கள் கேன்களை வரிசையில் வைத்துவிட்டு மர நிழலில் அரை நாள் இருப்பார்கள். அதனால்தான் ஓர் உதவி நிறுவனம் உவர் நீக்கும் மெசினைக் கொண்டுவந்தபோது ஊரே மாலையோடு போய் நின்றது. பலநோக்கு மண்டபத்தின் பக்கத்தில் சிறு அறை கட்டி, அங்கிருந்த கிணற்றிலிருந்து குழாய் இழுத்தார்கள்; அதுதான் மெசின் கிணறு. மூன்று மொழியில் பெயர்ப்பலகை பதித்தார்கள். மெசினை இயக்கும் முறை சொல்லும் கைந்நூல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அது பொலித்தீன் உறை பிரிக்கப்படாமல் சங்கத் தலைவர் வீட்டு அலுமாரிக்குள் போனது. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இரவல் வாங்கியாவது எதையும் வாசிக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர்; "சேர்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

மெசினைப் பார்க்க நியமிக்கப்பட்டவள் என் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி இருக்கிறவள். நாற்பது வயதிருக்கும். புருஷன் வாவியில் வலை வீசுகிறவர். என்னை மாமா என்பாள். அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எந்த வால்வை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, அவ்வளவுதான். பேனா அளவில் உப்பு அளக்கும் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொரு காலையும் அந்தக் கருவி காட்டுகிற இலக்கத்தை, காத்தான்குடித் துணிக்கடை ஒன்று கொடுத்த சுவர்க் கலண்டரில் அந்தந்தத் திகதிக்குக் கீழே எழுதி வந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

வெள்ளத்துக்கு மூன்று கிழமை முன்பு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொதுச் சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். நீர் வடிக்கும் புதிய சவ்வுகள் பற்றி ஒரு விரிவுரையாளர் பேசினார். உவர் நீக்கும் சவ்வின் மேற்படை, தலைமயிரின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்குதான் என்றார். நனோமீற்றரில் அளக்கிற அந்தத் தோலின் வழியாகத் தண்ணீர் போகும், உப்பு தங்கிவிடும். பென்சில் கரியின் உறவான கிராபீன் தாள்களை அடுக்கி, தாளுக்கும் தாளுக்கும் இடையே தண்ணீரை நடத்துகிறார்கள் என்றார். வழக்கத்தில் இருக்கிற பொலியமைட்டுச் சவ்வுக்குக் குளோரீன் ஆகாது, தொட்டால் அரித்துவிடும், அதைத் தாங்குகிற சவ்வுகளை ஆய்வுகூடங்களில் செய்து பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். நான் பரவசத்தோடு கேட்டேன். கொப்பியில் இப்படி எழுதினேன்: "பொலியமைட்டு. குளோரீன் ஆகாது. அரிக்கும்." கீழே கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கொப்பியை மூடி வைத்தேன். எங்கள் மண்டபத்து அறையில் இருக்கிற வெள்ளைக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருப்பது அதே பொலியமைட்டுத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. விரிவுரையில் கேட்டது விஞ்ஞானம். எங்கள் ஊரில் இருந்தது மெசின்.

பிறகு வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைப்பது எங்களுக்குப் பழகிய வேலை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். கலங்கல் போகும்வரை இறைத்து, குளோரீன் தூளை வாளியில் கரைத்து ஊற்றி, கயிற்று வாளியை மேலும் கீழும் இழுத்துக் கலக்குவோம். அந்த மணம் மூக்கில் ஏறினால்தான் எங்களுக்கு நிம்மதி. மணம் போதாதென்று இன்னொரு பிடி போடுகிற வீடுகளும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக் கிணறுகளுக்கென்று கணக்காகத் தந்துவிட்டுப் போன தூளில் கொஞ்சம் மிஞ்சியது. மெசின் பார்க்கிறவள் அதைக் காகிதச் சரையாகச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, மெசின் கிணத்துக்கும் போடுறதா? அதுக்குள்ளயும் வெள்ளத் தண்ணி பூந்துட்டு."

"போடு புள்ள. ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணி. அதுக்குப் போடாம வேற எதுக்குப் போடுற?"

"மெசினுக்கு ஒண்டும் ஆகாதே?"

"குளோரீன் போட்டுக் கெட்ட தண்ணி எங்கயும் இரிக்கா?"

இதைச் சொல்லும்போது என் கொப்பி சட்டைப்பைக்குள் இருந்தது.

மார்கழி முடிவில் தண்ணீரின் ருசி மாறியது. முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். கலண்டரில் இலக்கம் மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. தை பிறந்தபோது அது முன்பிருந்ததைப் போல் மூன்று மடங்கு. தலைவர் நிறுவனத்துக்கு அழைப்பு எடுத்தார். அனுப்புகிறோம் என்றார்கள். மறுகாலும் எடுத்தார். அதே பதில்தான். தொழினுட்பவியலாளர் கொழும்பிலிருந்து வந்து சேர மாசி நடுவாகிவிட்டது. வந்தவர் வெள்ளைக் குழாயைத் திறந்து சவ்வை வெளியே இழுத்தார், ஒரு துண்டை வெட்டிப் பார்த்தார், கிணற்றுக்கு என்ன போட்டீர்கள் என்று அவளைக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. அவர் வேறெதையும் கேட்கவில்லை. கழற்றிய சாமான்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலாகப் போயிருந்தேன். தண்ணீர் எப்படிப் படிப்படியாகக் கெட்டது என்பதைக் காட்டுகிற கலண்டரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இயக்குபவரின் கவனக்குறைவால் சவ்வு பழுதடைந்துள்ளது, உத்தரவாதம் செல்லாது, என்றாலும் மக்களின் நலன் கருதிப் புதிய சவ்வு வழங்கத் தயார், அதற்கு முன் இயக்குபவரை மாற்றி வேறு பொறுப்பான ஒருவரை நியமிக்க வேண்டும். அழகான தமிழ். கைந்நூலைத் தமிழில் தர முடியாதவர்களுக்குக் குற்றச்சாட்டைத் தமிழில் எழுத முடிந்திருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பங்குனி முதல் ஞாயிறு, மாலை நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. கிணறுகளில் உவர் ஏறத் தொடங்கிய நேரம் அது. தலைவர் கடிதத்தை வாசித்து முடித்ததும் நான் எழுந்தேன். கூட்ட அறிக்கைக் கொப்பியில் செவ்வாய்க்கிழமைக் குறிப்பை வாசித்தேன். பிறகு என் சொந்தக் கொப்பியை எடுத்து, வெள்ளத்துக்கு மூன்று கிழமை முந்திய வந்தாறுமூலைக் குறிப்பையும் வாசித்தேன். "குளோரீன் ஆகாது. அரிக்கும்." போடச் சொன்னது நான், அவள் கேட்டுத்தான் போட்டாள் என்று சொன்னேன்.

பிறகு பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: "சேர் மழை பெஞ்ச நாளை எழுதுவார். குடை பிடிக்க மாட்டார்."

மண்டபம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

"கடிதத்தில என்ட பேரைப் போட்டு அனுப்புவம்" என்றேன். "பிழை என்னில. அவளை விடுங்க."

தலைவர் கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவங்க மாத்தச் சொல்றது மெசின் பாக்கிற ஆளை சேர். கொப்பி எழுதுற ஆளை இல்ல. உங்களை மாத்தினா சவ்வு வராது."

"அப்ப உண்மை எண்டு ஒண்டு தேவையில்லையா?"

"பங்குனி வந்துட்டு. உண்மையக் கரைச்சுக் குடிக்க ஏலுமா? ஊருக்குத் தண்ணி வேணும்."

முன்வரிசையில் இருந்த பெண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கை உயர்த்தச் சொன்னபோது அவர்களும் உயர்த்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று பிள்ளைகளுக்குப் பவுசர் தண்ணீர் சுமக்கிறவர்கள் அவர்கள். உவருக்கும் ஒரு மனுஷியின் பெயருக்கும் நடுவில் இவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை.

அவள் எழுந்து வந்து அறைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தாள். "கலண்டர் சுவத்தில இரிக்கி. இனி வாறவர் எழுதட்டும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் யாராவது ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்கு நிம்மதியாகப் போயிருப்பார்கள்.

வெளியே சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு நடந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வாசலடிக்கு வந்ததும்தான் கேட்டாள்.

"மாமா, அந்த நீலச் சிலிண்டருக்குள்ள என்ன இரிக்கிற?"

தொழினுட்பவியலாளர் வந்துபோன பிறகு நான் கைந்நூலை அலுமாரியிலிருந்து மீட்டு, அகராதியோடு உட்கார்ந்து வாசித்து முடித்திருந்தேன். தண்ணீர் சவ்வுக்குப் போகுமுன் இரண்டு உருளைகளைத் தாண்டவேண்டும். ஒன்றில் மணல். நீல நிறத்தில் இருப்பதில் கரி. கரியின் வேலை, தண்ணீரில் இருக்கிற குளோரீனைப் பிடித்துவைப்பது.

"கரி புள்ள. ஏன் கேக்கிற?"

"வெள்ளம் வந்த அண்டு நானும் அவரும் ரெண்டையும் கழட்டி மேசைக்கு மேல ஏத்தினம். மண் சிலிண்டரை ரெண்டு பேரும் சேந்துதான் தூக்கின. நீலத்தை நான் ஒத்தைக் கையால தூக்கி வெச்சன். மறுகா பூட்டக்குள்ளயும் ஒத்தைக் கைதான்."

"உள்ளுக்குப் பாத்தியா?"

"மூடியைத் திறக்கப்படாது எண்டுதானே படிப்பிச்ச. நான் சொன்னதைச் செய்யிறவள் மாமா."

சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு, அவள் மேலே சொல்ல வந்ததைக் கேட்காமல் திரும்பி ஓடிப்போய்த் தலைவரிடம் திறப்பை வாங்கி அறையைத் திறந்தேன். மணல் உருளை நின்றது. நீல உருளை நின்ற இடத்தில் சிமெந்தில் வட்டமாக ஓர் அடையாளம் மட்டும் இருந்தது. தொழினுட்பவியலாளர் சவ்வோடு சேர்த்து அதையும் ஏற்றிப்போயிருக்கிறார். குளோரீன்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டவருக்கு, குளோரீனைத் தடுக்கவேண்டிய உருளை எதற்கு? சவ்வைப் பழுதென்று எழுதியவர் உருளையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பிரதிகள் திகதியோடு என்னிடம் இருக்கின்றன. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு ஒரே வரி வந்தது: அகற்றப்பட்ட பாகங்கள் நடைமுறைப்படி அழிக்கப்பட்டுவிட்டன. புதிய சவ்வும் புதிய நீல உருளையும் சித்திரையில் வந்து பூட்டப்பட்டன. தண்ணீர் நன்றாக இருக்கிறது. புதிதாக நியமிக்கப்பட்டவர் எந்த வால்வை முதலில் திறப்பது என்று கேட்டுக் காலையில் அவளுக்குத்தான் அழைப்பு எடுக்கிறார். அவளும் சொல்லிக்கொடுக்கிறாள். கூட்ட அறிக்கைக் கொப்பியில் அவள் பெயருக்கு எதிரே "கவனக்குறைவு காரணமாக நீக்கப்பட்டார்" என்று இருக்கிறது. அந்த வரியை எழுத நான் மறுத்தேன். தலைவர் எழுதினார்.

நான் நேர்மையாகக் குறிக்கவேண்டியவை சில உண்டு. கரி மணலைவிட இலேசானது. நிறைந்த கரி உருளையை அவளைப் போல் வலைச்சாமான் தூக்கிப் பழகிய ஒருத்தி ஒற்றைக் கையால் தூக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. கரி இருந்திருந்தாலும், மிஞ்சியதையெல்லாம் அளவு பாராமல் நாங்கள் மெசின் கிணற்றில் போட்ட அவ்வளவு குளோரீனை அது தாங்கியிருக்குமா என்பதும் தெரியாது. வந்தாறுமூலை விரிவுரையாளரிடம் கேட்டேன். உருளையைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். சரியான பதில்தான். முதல் நாளே அந்த நீல உருளைக்குள் கரி நிரப்பப்பட்டிருந்ததா இல்லையா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.